மூன்றே முக்கால் மணித்தியாலத் தூரம்

இணையத்தில் எதைக் கேட்டாலும் ஒரு பதில் வந்துவிடுகிறது. வில்லங்கமே அங்கேதான் தொடங்குகிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அதற்கு வாய் வருவதில்லை.

செப்டெம்பரில் ஒரு பின்னேரம், சுப்பர்மார்க்கெட் பேக்கரியில் விடிகாலை ஷிப்ட் முடித்து வந்த செல்வமலர், வீங்கிய காலைக் கதிரையில் தூக்கிப் போட்டுக்கொண்டு, போனில் இரண்டு விமான நிலையங்களின் பெயரை அடித்தாள். ஒன்று வார்டோ. நோர்வேயின் உச்சந்தலையில், கடலுக்குள் கிடக்கும் ஒரு சின்னத் தீவு. அங்கேதான் அவளுடைய அண்ணை சச்சிதானந்தன் மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மற்றது சவுத்எண்ட். லண்டன் குட்மேய்ஸில் இருக்கும் அவளுடைய வீட்டிலிருந்து காரை எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. தூரம் இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீற்றர், பறக்கும் நேரம் மூன்றே முக்கால் மணித்தியாலம். கீழே பொடி எழுத்தில், இது வரைபடத்தில் நேர்கோடு போட்டு எடுத்த கணக்கு, இந்த வழியில் விமானம் ஓடுவதாக எண்ணிக்கொள்ள வேண்டாம் என்று எழுதியிருந்தது. பொடி எழுத்தை வாசிக்கிற ஆட்கள் வேறு. ஐந்து மணிக்கு எழும்பி ஆயிரம் பாணுக்கு முகம் கொடுத்துவிட்டு வந்த மலர் வாசிக்கவில்லை.

மகளின் பூப்புனித நீராட்டுக்கு நாள் சொல்ல உடனே அண்ணைக்கு அழைப்பு எடுத்தாள்.

"அண்ணை, கௌசியின்ரை சாமத்தியவீட்டுக்கு நவம்பரிலை ஹோல் கிடைச்சிட்டுது. சனிக்கிழமை. நீங்கள் வெள்ளிக்கிழமை வேலை முடிச்சிட்டு வெளிக்கிட்டாலும் காணும். மூண்டே முக்கால் மணித்தியாலம்தான், நான் பாத்திட்டன்."

மறுமுனையில் காற்று இரைந்தது.

"ஓம்," என்றார் சச்சிதானந்தன். "வாறன்."

"இவர் சவுத்எண்டுக்கு வந்து ஏத்துவார்."

"அந்த மனுசனை ஏன் அலைக்கழிக்கிறாய். நான் ரெயினிலை வாறன்."

"சும்மா இருங்கோ. மாமனை ரெயினிலையோ கூப்பிடுறது."

"சரி, பாப்பம்," என்றார் அவர். மலர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

மலருக்கு வாறன் என்ற அந்த ஒரு சொல் எவ்வளவு வேண்டியிருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அவளுடைய கணவர் நவரத்தினம் பிளம்பிங் வேலை செய்பவர், நல்ல மனிதர். பாரிசில் பத்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். அவருக்குப் பின்னால் அக்கா வந்தார், அக்காவின் புருசன் வந்தார், சித்தப்பா பிள்ளைகள் நாலு பேர் வந்தார்கள், அவர்களுடைய மனைவிமார், அவர்களுடைய தாய் தகப்பன் எல்லோரும் வந்தார்கள். குட்மேய்ஸில் நாலு தெருவுக்குள் ஒரு முழுச் சபையே நவரத்தினத்தின் பக்கத்தில் இருக்கிறது. மலரின் பக்கத்தில் மலர் மட்டும்தான்.

கலியாணமும் இப்படித்தான் நடந்தது. யாழ்ப்பாணத்து முறைப்படி பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைக்குத் தோழனாக நிற்க வேண்டும். அது மார்ச் மாதம், வார்டோவில் மீன் குவியும் காலம். அந்தக் காலத்தில் அங்கே ஒருவருக்கும் லீவு கிடையாது. அண்ணை வரவில்லை. நவரத்தினத்தின் அக்கா யோகராணியின் புருசன் தில்லைநாதனைப் பிடித்துத் தோழனாக நிற்க வைத்தார்கள். மாப்பிள்ளையின் அத்தானே பெண்ணின் சகோதரனும் ஆனார். பிறகு கௌசி பிறந்தபோதும், முதல் சோறு தீத்தியபோதும், வீடு குடிபூர்ந்தபோதும் பெண் பகுதிக்கு என்று ஒரு ஆள் தேவைப்பட்ட இடத்திலெல்லாம் தில்லைநாதன் வந்து நின்றார். பாவம், அவரும் முகம் சுளிக்காமல் நிற்பார். சுற்றி நின்றவர்கள் பகிடி விட்டுச் சிரிப்பார்கள். மலரும் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்கு வந்து குசினிக்குள் நின்று அழுவாள்.

சாமத்தியவீட்டில் பெண்பிள்ளையின் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்து முதல் தண்ணீர் வார்ப்பவர் தாய்மாமன். அவரில்லாமல் காரியம் தொடங்காது. இந்த ஒருதரமாவது தன்னுடைய இரத்தத்தில் ஒருவர் சபையில் நிற்க வேண்டும் என்று மலர் ஆசைப்பட்டாள். யோகராணி மச்சாள், "அண்ணை உண்மையிலை வருவாரோ?" என்று கேட்டபோது, "மூண்டே முக்கால் மணித்தியாலம்தானே மச்சாள்," என்று கொஞ்சம் மிடுக்காகவே சொன்னாள். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அதையே சொன்னாள். சொல்லச் சொல்ல அது அவளுக்குப் பஸ் நேரம் மாதிரி மனப்பாடமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வீடு நிறைய ஆட்கள். நடுஹோலில் தட்டுகள் அடுக்கிக் கிடந்தன. பலகாரச் சட்டிகள் படிக்கட்டு வரை வந்துவிட்டன. மேக்கப்காரப் பெண் ஒத்திகை பார்க்க வந்து கௌசியைக் கதிரையில் இருத்தி வைத்திருந்தாள். மலருக்கு மூன்று நாள் நித்திரை பாக்கி. கண் எரிந்தது, இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஆனாலும் ஒரு அறையை மட்டும் யாரையும் எட்டிப் பார்க்க விடாமல் பூட்டி வைத்திருந்தாள். அண்ணைக்குப் புதுக் கட்டில் விரிப்பு, புதுச் சாரம், புதுத் துவாய் எல்லாம் அங்கே இருந்தன.

இருட்டும் நேரம் நவரத்தினம் சவுத்எண்டில் இருந்து அழைத்தார்.

"இஞ்சேரும், இந்த அறிவிப்புப் போட்டிலை நோர்வே எண்டு ஒண்டுமில்லை."

"வடிவாப் பாருங்கோ. வார்டோ எண்டு போட்டிருக்கும்."

"வார்டோவும் இல்லை, வாடையும் இல்லை. பிலேனே இண்டைக்கு இனி ரெண்டு மூண்டுதான். எல்லாம் வெய்யில் நாட்டிலையிருந்து வாறது. இங்கை நிக்கிற பெட்டையைக் கேட்டனான். அப்பிடி ஒரு பிளைட் எந்தக் காலத்திலையும் இல்லையாம். நீர் எங்கை பாத்தனீர்?"

மலர் அழைப்பைத் துண்டித்தாள். அண்ணைக்கு அடித்தாள். போன் அணைக்கப்பட்டிருந்தது. மறுபடி அடித்தாள். பக்கத்தில் யோகராணி மச்சாள் ஒன்றும் கேட்காமல் முறுக்கை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தார். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று மலருக்கு இருந்தது.

கடைசியில் வார்டோவிலிருந்து அண்ணியே அழைத்தார். பியற்றிஸ் அண்ணி யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரி, அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறார். அவசரம் என்பது அவர் குரலில் எப்போதும் இருக்காது.

"மலர், உங்கடை அண்ணை ஒஸ்லோவிலை நிக்கிறார். போனிலை சார்ஜ் இல்லையாம். ஆரோ ஒரு ஆளின்ரை போனிலை எடுத்துச் சொன்னவர்."

"ஒஸ்லோவிலையோ? ஏன் அண்ணி அங்கை?"

"வேறை எப்பிடி வாறது பிள்ளை? இஞ்சையிருந்து நேரை ஒரு இடத்துக்கும் பிலேன் இல்லை. சின்னதொண்டு வரும், இருபது முப்பது பேர் இருக்கலாம். அது ஒவ்வொரு ஊரிலையும் இறங்கி இறங்கிப் போகும். வியாழக்கிழமை காலமையே வெளிக்கிட்டவர். காத்தெண்டு அது வந்து இறங்கேல்லை. பின்னேரம் வரைக்கும் அங்கையே குந்திக்கொண்டிருந்திட்டு, ஒரு பெடியன்ரை காரிலை கிர்கெனஸ் எண்ட ஊருக்குப் போனவர். பனிக்குள்ளாலை நாலு மணித்தியாலத்துக்கு மேலை. அங்கையிருந்து இண்டைக்கு ஒஸ்லோ போய்ச் சேர, லண்டன் பிலேன் போயிட்டுது."

மலர் படிக்கட்டில் சட்டிகளுக்கு நடுவே இருந்துவிட்டாள். வியாழக்கிழமை. அவள் பேக்கரியில் பாணுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டு, நாளைக்கு அண்ணை வெளிக்கிடுவார் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் பாதையில் நின்றிருக்கிறார்.

"ஏன் அண்ணி எனக்கு முதலே சொல்லேல்லை? நான் மூண்டே முக்கால் மணித்தியாலம் எண்டெல்லே..."

"சொல்லிச் சிரிச்சவர். தங்கச்சிக்குச் சொல்லிப்போடாதை எண்டவர். மாமனாய் வா எண்டு கேட்டிருக்கிறாள், அதுக்கை நான் தூரம் கதைக்கிறதோ எண்டவர்."

மலருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இந்த மனிதர்கள் எல்லோருக்கும் இதே வியாதி. இயலாது என்று சொன்னால் வாய் அழுகிவிடுமா? இன்னார் இத்தனை மணிக்கு வருவார் என்று நம்பி இங்கே ஒருத்தி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் ஒரு கிழமை தள்ளிப் போட்டிருக்கலாம், புதன்கிழமையே வெளிக்கிடச் சொல்லியிருக்கலாம். கோபத்துக்கு அடியில் வெட்கமும் கிடந்தது. அதை அவள் அப்போது தொட்டுப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலமை, கௌசிக்குத் தண்ணீர் வார்ப்பதற்குக் கொஞ்சம் முன்னால், சச்சிதானந்தன் யாரோ ஒருவருடைய போனிலிருந்து அழைத்தார்.

"காலமைப் பிலேன் எல்லாம் நிரம்பியிருக்கு. இரவுக்குத்தான் இடம் தந்திருக்கிறாங்கள். நீ ஒண்டையும் நிப்பாட்டாதை மலர். நேரத்துக்குச் செய்."

குரலில் சோர்வு தெரிந்தது. அதைக் கேட்டு இரங்கும் நிலையில் மலர் இல்லை. கீழே ஐயர் வந்து இருக்கிறார், மேலே குடத்தில் தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கிறது, ஹோலில் இத்தனை மணிக்குப் போய் இத்தனை மணிக்கு வெளியேற வேண்டும், பின்னால் வேறொருவர் பிறந்தநாள் வைத்திருக்கிறார்.

"இரவு வந்து என்ன செய்யப்போறியள்? எல்லாம் முடிஞ்சிடும். திரும்பிப் போங்கோ அண்ணை. என்ரை ஒரு காரியத்துக்கும் நீங்கள் வந்து நிண்டதில்லை. இதுக்கு மட்டும் ஏன்?"

அவள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் யாரோ ஒலிபெருக்கியில் நோர்வேஜியன் மொழியில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

"ரிக்கற் இருக்குது. வாறன்," என்றார் அறிவிப்பு முடிந்ததும்.

போனை வைத்தபோது தில்லைநாதன் வேட்டியோடு கதவடியில் நின்றார். பெரிய உடம்பு, சாதுவான முகம்.

"மாமாதானே, எந்த மாமாவாய் இருந்தால் என்ன எண்டு யோகராணி சொல்லுறா," என்றார் தயங்கிக்கொண்டு. "எனக்கும் ஒரு மாதிரித்தான் கிடக்குது பிள்ளை. வேண்டாமெண்டால் சொல்லும்."

அவர் சொன்னதில் பிழையில்லை. தகப்பனின் அக்கா புருசனும் மாமாதான். கௌசி பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவரை அப்படித்தான் கூப்பிடுகிறாள். மலர் தலையாட்டினாள். வேறென்ன செய்ய?

மேல்மாடிக் குளியலறைக்குள் ஒன்பது பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கமராக்காரன் கொமட் மூடிக்கு மேல் ஏறி நின்று, ஒரு கையால் திரைச்சீலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தான். தில்லைநாதன் பாலையும் அறுகையும் வைத்து, குடத்துத் தண்ணீரை மெல்லமாக வார்த்தார். கௌசி குளிரில் பல்லைக் கடித்தாள். அப்புறம் ஹோல், சரிகை, புகை, பல்லக்கு மாதிரி ஒன்று. மைக் பிடித்தவன், "தாய்மாமன் ஸ்தானத்தில் திருவாளர் தில்லைநாதன் அவர்கள்" என்று அழுத்திச் சொன்னான். ஸ்தானத்தில் என்ற சொல்லை அவன் விட்டிருந்தால் மலர் அவனுக்குக் கோவிலே கட்டியிருப்பாள். சாப்பாட்டு வரிசையில் ஆளாளுக்கு வந்து, அண்ணை வரேல்லையோ என்று விசாரித்தார்கள். பிலேன் பிந்திப்போச்சு என்று சிரித்துச் சிரித்துச் சொல்லி அவளுக்கு வாயே மரத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி போல அழைப்பு மணி அடித்தது.

மலர் கதவைத் திறந்தாள். வெளியே ஒரு மெலிந்த, நரைத்த மனிதர் தோளில் பையோடு நின்றார். அவரை அவள் கடைசியாகக் கண்டது கொழும்பில் அம்மாவின் செத்தவீட்டில். அதற்குப் பிறகு பதினாலு வருடமாகப் போன் திரையில் நெற்றியும் மூக்கும்தான். இவ்வளவு உயரம் குறைந்தவரா என்று அவளுக்குத் தோன்றியது. கண்கள் சிவந்து, உதடு வெடித்திருந்தது. விரல்களில் இரண்டு நிரந்தரமாக மடங்கிப்போயிருந்தன. மீன் வெட்டும் மெசினில் நின்ற கை.

"இரவு வந்து இறங்கினனான்," என்றார். "நீங்கள் எல்லாரும் களைச்சுப்போய்ப் படுத்திருப்பியள் எண்டு எழுப்பேல்லை. அங்கையே ஒரு கதிரையிலை இருந்திட்டு, விடிய ரெயின் எடுத்து வந்தன்."

மலர் சொல்ல வைத்திருந்த வசனங்கள் நிறைய. இருபது வருடமாகச் சேர்த்தவை, நேற்று இரவு படுக்கையில் கிடந்து வரிசைப்படுத்தியவை. அவரைப் பார்த்ததும் எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. "உள்ளுக்கை வாங்கோ, குளிருது," என்றாள்.

மிஞ்சிய இடியப்பத்தையும் சொதியையும் சூடாக்கி வைத்தாள். அவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கௌசி மேலேயிருந்து இறங்கி வந்தாள். முகத்தில் நேற்றைய மை இன்னும் போகவில்லை, கையில் மருதாணி. பள்ளிக்கூடத்து ஹூடி போட்டிருந்தாள்.

"ஹாய் மாமா," என்றாள்.

சச்சிதானந்தன் எழும்பி நின்றார். மருமகளுக்கு முன்னால் எழும்பி நிற்கத் தேவையில்லை, ஆனாலும் எழும்பினார். பைக்குள்ளிருந்து அண்ணி பின்னிய நீலக் கம்பளிச் சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அளவு இரண்டு வயது சின்னது. கௌசி அதை அப்படியே தோளில் வைத்துப் பார்த்து, "வெரி நைஸ் மாமா," என்றாள். அவர் அவளுடைய தலையில் அந்த மடங்கிய விரல்களை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"வரேலாமல் போச்சுதம்மா," என்றார்.

"இட்ஸ் ஓகே. நீங்கள் இப்ப வந்திருக்கிறீங்கள்தானே."

பிறகு அவர் சோபாவில் இருந்தார். போனைச் சுவரில் மாட்டிச் சார்ஜ் ஏற்றி, அலாரம் வைத்தார். பின்னேரத்துப் பிலேனில் திரும்ப வேண்டும், ஒரு மணிக்கு வெளிக்கிட்டால்தான் சரி, ஒஸ்லோவில் இரவு தங்கி நாளைக்கு வார்டோ, செவ்வாய் காலமை வேலை என்று விளக்கினார். லீவு நாளுக்கு மேல் ஒரு நாள் நின்றால் எழுத்தில் எச்சரிக்கை வரும், இந்த வருடம் ஏற்கெனவே கை வருத்தத்துக்கு நின்றதற்கு முகம் கோணுகிறார்கள், ஆட்களைக் குறைக்கப் போவதாகக் கதை என்றும் சொன்னார். அவர் அதை முறைப்பாடாகச் சொல்லவில்லை. காலநிலை சொல்வது மாதிரிச் சொன்னார்.

"அண்ணை, நேற்று நான் கதைச்சது..." என்று மலர் தொடங்கினாள்.

"அதை விடு. அம்மாவும் கோவம் வந்தால் அப்பிடித்தான், தலைகால் தெரியாமல்..." என்றவர் வசனத்தை முடிக்கவில்லை. தலை சோபாவின் ஓரத்தில் சாய்ந்தது. வாய் சற்றே திறந்திருந்தது. நித்திரையாகிவிட்டார்.

மலர் எதிர்க் கதிரையில் இருந்தாள். நடுவில் வெள்ளித்தாள் மூடிய சோற்றுத் தட்டுகள், வாடிய மாலை, காற்றுப் போன பலூன்கள். அவள் அவரையே பார்த்தாள். அப்பாவின் காது. கன்னத்தில் கிணற்றடியில் விழுந்து வந்த தழும்பு. இந்த முகத்தைத்தான் வரவில்லை, வரவில்லை என்று இத்தனை வருடம் திட்டிக்கொண்டிருந்தாள். அவளும்தான் வார்டோவுக்கு ஒருநாள் போனதில்லை. லீவு கிடைத்தால் பாரிசுக்குப் போவார்கள், நவரத்தினத்தின் ஆட்களுடைய கலியாணங்களுக்கு. போகலாமா என்று யாரும் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை. தான் அங்கே போவதற்கு ஒருதரமாவது வழி தேடிப் பார்த்திருந்தால், அந்தச் சின்னப் பிலேனையும் காற்றையும் பனிப் பாதையையும் அவள் அறிந்திருப்பாள். முந்தநாள் படிக்கட்டில் தொடாமல் விட்ட வெட்கம் இப்போது முழுசாக வந்தது.

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நவரத்தினம் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கார்ச் சாவியும் கையுமாக எட்டிப் பார்த்தார்.

"எழுப்பும். ரோட்டிலை சனமாயிருக்கும்."

"படுக்கட்டும்," என்றாள் மலர்.

"பிலேன் போயிடும்."

"போகட்டும்."

நவரத்தினம் சச்சிதானந்தனைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். "அந்த மனுசன்ரை வேலை மலர். கேட்டுக்கொண்டுதானே இருந்தனீர்?"

"கேட்டனான். எனக்குத் தெரியும். திறப்பை வையுங்கோ."

அவளுக்கு உண்மையாகவே தெரிந்திருந்தது. எச்சரிக்கைக் கடிதம் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? பேக்கரியில் அவளும் ஒன்று வாங்கியவள்தான். அண்ணையின் வயதுக்கு, அந்த விரல்களுக்கு, அந்த ஊரில் வேறு வேலை கிடைக்காது என்பதும் தெரியும். அவருடைய சம்மதம் இல்லாமல் அவருடைய வாழ்க்கையில் கை வைக்கிறோம் என்பதும் தெரியும். ஆனால் இவரை இப்போது தட்டி எழுப்பினால், கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்புவார், சரி என்பார், பையைத் தூக்குவார், மறுபடியும் இரண்டு நாள் பாதையில் கிடப்பார். தங்கச்சி வீட்டில் மொத்தமாக மூன்று மணித்தியாலம் இருந்ததாகத்தான் கணக்கில் வரும். அதைத் தன்னால் தாங்க ஏலாது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. நியாயம் அநியாயம் பார்க்கும் தெம்பும் அவளிடம் மிச்சம் இருக்கவில்லை.

அலாரம் அடித்தது. முதல் சத்தத்திலேயே எட்டிப் போனை எடுத்து நிறுத்தினாள். சச்சிதானந்தன் மூச்சை ஒருதரம் இழுத்து விட்டார். கண் திறக்கவில்லை. மலர் போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள். குனிந்து அவருடைய சப்பாத்துகளைக் கழற்றினாள். காலுறை ஈரமாயிருந்தது, அதையும் கழற்றினாள். பூட்டி வைத்த அறையிலிருந்து புதுப் போர்வையை எடுத்து வந்து மூடிவிட்டாள். பிறகு அதே கதிரையில் இருந்தபடி தானும் உறங்கிப்போனாள்.

அவள் விழித்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. சச்சிதானந்தன் போர்வையைச் சுற்றிக்கொண்டு, வெறுங்காலோடு எழும்பி இருந்தார். கையில் போன் இருந்தது. நேரத்தைப் பார்த்துவிட்டார் என்பது தெரிந்தது. மலர் ஏச்சு வாங்கத் தயாராக நிமிர்ந்து இருந்தாள்.

அவர் எழும்பி யன்னலடிக்குப் போனார். யாருக்கோ அழைத்தார். நோர்வேஜியன் மொழியில், தாழ்ந்த குரலில், விட்டு விட்டுப் பேசினார். மலருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவருக்கு இப்படி ஒரு மொழி வாயில் புரளும் என்பதே அவளுக்குப் புதிதாயிருந்தது. மறுமுனையில் இருந்தவன் நீளமாக ஏதோ சொன்னான். இவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எதற்கோ சின்னதாகச் சிரித்தார். போனைப் பையில் போட்டுக்கொண்டு வந்து மறுபடியும் சோபாவில் இருந்தார்.

"ஆர் அண்ணை?"

"தொழிற்சாலைப் போர்மன்."

"என்ன சொன்னீங்கள்?"

"தங்கச்சி வீட்டிலை நிக்கிறன், செவ்வாய்க்கிழமை வரேலாது எண்டன்."

"ஏசினவனோ?"

"ஏசுறதுக்கு முதல் ஒண்டு கேட்டான்." சச்சிதானந்தன் போர்வையின் நுனியைத் தடவினார். "இருபது வருசத்துக்கு மேலை ஒரே மெசினிலை நிக்கிறம். உனக்குத் தங்கச்சி இருக்கோ எண்டு கேக்கிறான்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"இருக்கிறாள் எண்டன்," என்றார் சச்சிதானந்தன். "என்னை விடுறாளில்லை எண்டன்."